மாமூல் யார் பக்கம்? நாஞ்சில் நாட்டில் வழக்கமும் அறமும் மோதிய கதை

சுசீந்திரம் என்ற பெயருக்கு ஊரில் சொல்லும் விளக்கம், இந்திரன் இங்கே கொதிக்கும் நெய்யில் மூழ்கிச் சுசியானான் என்பது. அகலிகை விஷயத்தில் வந்த சாபம் தீர அவன் செய்த பரிகாரம் அது. இந்தத் தலபுராணம் புராணமாக மட்டும் நின்றுவிடவில்லை. பிறர்மனை நயந்ததாகப் பெயர் அடிபட்ட நம்பூதிரி தன்மேல் பழி இல்லை என்று காட்ட விரும்பினால், தாணுமாலயன் சந்நிதிக்குத்தான் வர வேண்டியிருந்தது. கொதிக்கும் நெய்ப் பாத்திரத்தில் கையை விட்டு, உள்ளே போட்டிருக்கும் சிறு உருவை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டிவிடுவார்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். கை வெந்திருந்தால் சாதி போயிற்று. இதற்குக் கைமுக்கு என்று பெயர். சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) இது நிறுத்தப்பட்டது. சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953இல் வெளிவந்த கே.கே. பிள்ளையின் ஆங்கில நூல் இந்த வழக்கத்தையும் பேசுகிறது.

கைமுக்கு என்றதும் இன்று நமக்குத் தோன்றுவது அதன் கொடூரம். அதன் தர்க்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடந்தது என்ன என்பதைச் சாட்சி சொல்லித் தீர்மானிக்க முடியாது, தெய்வம் சொல்ல வேண்டும். அந்தத் தெய்வத்திடம் கேட்கும் வாய்ப்பும் எல்லாருக்கும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட அந்தர்ஜனத்துக்கு, அதாவது நம்பூதிரிப் பெண்ணுக்கு, ஸ்மார்த்த விசாரம் என்ற சாதி விசாரணை, ஊர்விலக்கு. அவளால் பெயர் சொல்லப்பட்ட ஆணுக்கு நெய்ப் பாத்திரம். ஒரே செயலுக்கு இரண்டு நீதிமன்றங்கள்.

தெய்வம் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் தெய்வம் அதை விரும்புகிறதா என்று ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். மெய்யியல் முதலாண்டு வகுப்பில் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது வழக்கம். நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களிலும் அவற்றை ஒட்டிய கல்குளம், விளவங்கோட்டிலும் இதே கேள்வியை மக்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். ஒரு கட்டளை பழையது என்பதற்காகவே நம்மைக் கட்டுப்படுத்துமா? அரசன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன்? அவன் தெய்வத்தின் பெயரால் ஆண்டால் குடிமகன் யாரிடம் போய் முறையிடுவது?

இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து செல்ல ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்: மாமூல். அரபியிலிருந்து வந்த சொல். இன்று கைநீட்டி வாங்கும் காசுக்குத்தான் அந்தப் பெயர். திருவிதாங்கூர்க் காலத்தில் அதற்கு இருந்த கௌரவமே வேறு. முன்பிருந்து நடந்துவருவது, ஆகவே சரியானது என்று பொருள். இந்தச் சொல் சொந்தமாக எந்தக் கட்சியும் இல்லாதது, யார் கையில் கிடைக்கிறதோ அவர்களுக்கே வேலை செய்யும் என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

நாட்டார் கூடிய இடம்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் படைகள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் வந்து நெல்லை வாரிக்கொண்டு போயின. அவர்கள் போன பிறகு திருவிதாங்கூர் அரசின் அதிகாரிகள் வரிக்கு வந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் அடிபட்ட நாட்டார் கூட்டம் கூடித் தீர்மானம் எழுதினார்கள். மாமூலாக உள்ளதற்கு மேல் ஒரு பணமும் கொடுப்பதில்லை, யாராவது வற்புறுத்தினால் எல்லாரும் சேர்ந்து எதிர்ப்பது, ஒருவனுக்கு வரும் துன்பத்தை எல்லாருடையதாகக் கொள்வது. முடியாதபோது ஊரைக் காலி செய்துவிட்டு மலைப்பக்கம் போனார்கள். விளைநிலத்தைத் தரிசாகப் போட்டால் அரசு வழிக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு.

ஆட்சி குடிகளின் சம்மதத்தில் நிற்கிறது என்று ஐரோப்பாவில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் அந்தப் புத்தகங்களைப் படித்தவர்கள் அல்லர். அவர்கள் பேசியது சம்மதத்தைப் பற்றியும் அல்ல. பழைய வழக்கம் அரசனையும் கட்டும் என்றார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன வாக்கியத்துக்குள் ஒரு முழு அரசியல் கோட்பாடு இருக்கிறது. மாமூல் இங்கே குடிமக்களின் கேடயம்.

யாருடைய கேடயம் என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். அந்த நிலத்தில் உழுதவர்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை. அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டெடுத்தார். பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். நிலத்தை விற்ற ஓலைகளோடு ஆளை விற்ற ஓலைகளும் அந்தக் கட்டுகளில் இருக்கின்றன. வயலுக்கு எல்லை எழுதுவதுபோல மனிதர்களுக்கும் எழுத்து உண்டு. அதிக வரி அநியாயம் என்று சொன்னவர்களுக்கு இந்த ஓலையில் அநியாயம் எதுவும் தெரியவில்லை. இரண்டுமே மாமூல்தான்.

அடிமையும் ஆண்டவனும்

கொல்லம் 925 மகரத்தில், அதாவது 1750 ஜனவரியில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். உடைவாளைக் கருவறைப் படியில் வைத்து, தெய்வத்தின் அடிமையாக, பத்மநாபதாசனாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திருப்படித்தானம் என்று இதைச் சொல்வார்கள். பக்தி என்ற அளவில் இதை மதிக்கலாம். அரசியல் என்ற அளவில் பார்த்தால், முன்பு அரசனை எதிர்த்தவர் அரசனைத்தான் எதிர்த்தார்; இனி எதிர்ப்பவர் தெய்வத்தின் சொத்தில் கைவைக்கிறார். நாட்டார் கூட்டங்கள் பழையபடி நிமிர்ந்து பேச முடியாமல் போனதற்குப் படைபலம் பெரிய காரணம். இந்தத் தானமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தானம் நடந்த நாளில் பத்மநாபபுரம் அரண்மனையின் ஊழியர் ஒருவர் சிறையில் இருந்தார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. குளச்சல் போரில் (1741) பிடிபட்டு, பின் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயிடம் கிறிஸ்தவத்தைப் பற்றிக் கேட்டறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. கொன்றது மதம் மாறியதற்காகவா, ராஜதுரோகத்துக்காகவா என்று திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர்களும் சபையின் எழுத்தாளர்களும் இன்றும் வாதாடுகிறார்கள். 1750க்குப் பிறகு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க இடமே இல்லை என்பது என் எண்ணம். நாடே சந்நிதி என்றான பிறகு சந்நிதியை விட்டு விலகுவது ராஜதுரோகம்தான். டிலனாய் கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார்; அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்நியனுக்கு மாமூல் பொருந்தாது. அது சொந்தக் குடியைத்தான் கட்டும்.

ஒரு முழத் துணி

1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். அவரை வரவழைத்தவர் அதே ஊர்க்காரரான மகாராசன் வேதமாணிக்கம், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். 1809இல் மயிலாடியில் தேவாலயம் எழுந்தது. அடுத்த பத்தாண்டில் சார்லஸ் மீட் வந்து நாகர்கோவிலை லண்டன் மிஷனின் மையமாக்கினார். அந்த மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காசில் சில பெண்கள் தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்டதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன.

சண்டை துணியில் வந்து நின்றது. உயர்சாதிப் பெண்கள் தோளில் போடும் சீலையை ஆவணங்களில் சாணார் என்று வரும் நாடார் பெண்கள் போடக் கூடாது. மார்பை மறைக்காதிருப்பது மேலோருக்குக் காட்டும் மரியாதை. இது அந்தச் சமூகத்தின் எல்லாப் படியிலும் இருந்த இலக்கணம். நாயர் பெண்ணும் தனக்கு மேற்பட்டவர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டியிருந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது கிறிஸ்தவப் பெண்கள் மேலுடம்பை மறைக்கலாம் என்று உத்தரவு போட்டார். அவர்கள் குப்பாயம் என்ற மேற்சட்டையோடு நிற்காமல் அதன் மேல் சீலையும் போட்டார்கள். 1820களில் கல்குளம், இரணியல் பக்கங்களில் சந்தைக்குப் போன பெண்களின் துணி கிழிக்கப்பட்டது, பள்ளிக்கூடங்கள் எரிந்தன.

1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாயின் விளம்பரம் வந்தது. சீலை கூடாது. வேண்டுமானால் சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைமார் வீட்டுப் பெண்களும் போடுவதுபோலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். ஊழியத்தை வழக்கப்படி செய்ய வேண்டும். அனுமதியில்லாமல் ஜெபக்கூடம் கட்டக் கூடாது. இந்த விளம்பரத்தை மார்பை மறைக்கவிடாத உத்தரவு என்று மேடையில் சொல்கிறார்கள். வாசகம் அப்படி இல்லை, அதைவிட நுட்பமானது. மறைத்துக்கொள், ஆனால் எங்களைப்போல மறைக்காதே என்கிறது. உடம்பு அரசின் கவலையல்ல, பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று தெரிய வேண்டும் என்பதே அதன் கவலை. முலைவரியை ஒரு பெண் எதிர்த்ததாகச் சொல்லும் சேர்த்தலைக் கதையையும் இதோடு சேர்த்துப் பேசுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. தெற்கே நடந்தது வரிக்கு எதிரான கலகம் அல்ல, அடையாளத்தைப் பற்றிய கலகம். இரண்டையும் குழப்பினால் இந்தக் கலகத்தின் தத்துவம் கைநழுவிப் போகும்.

மிஷனரிகள் வைத்த வாதத்திலும் ஒரு குறை உண்டு. பெண்ணின் மானம் என்று பேசினார்கள். மானம்தான் பிரச்சினை என்றால் குப்பாயம் போதுமே என்று அரசு பதில் சொல்லிவிட்டது. சீலை போட்ட பெண்களுக்கு அது போதவில்லை. அவர்கள் மானத்தோடு சமமும் கேட்டார்கள். அதை எழுதி வைக்க அவர்கள் கையில் பேனா இல்லை, தோளில் துணி இருந்தது.

1858 நவம்பரில் விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்தது. குடிகளின் மதத்தில் சர்க்கார் தலையிடாது என்றது. பாதிரிகளுக்கு இனிமேல் ஆதரவில்லை என்று ஒரு தரப்பு அதைப் புரிந்துகொண்டது. அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் மறுபடி வீடுகள் எரிந்தன. திவான் மாதவ ராவ் 1829இன் விளம்பரம் அமலில் இருக்கிறது என்று நினைவூட்டினார். சென்னை கவர்னர் டிரவெல்யன் கடுமையாகக் கடிதம் எழுதினார். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் புதிய விளம்பரம் வந்தது: குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக் கூடாது. முப்பது ஆண்டுப் போராட்டத்தில் கோடு சற்றே நகர்ந்தது, அழியவில்லை. எந்தச் சலுகையும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகிறது. கொடுக்கும்போதே கொடுப்பவன் யார், வாங்குபவன் யார் என்பதை உறுதிசெய்துவிடும்.

அடிமை முறையும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. 1812இல் ஆள் வாங்கி விற்பதற்குத் தடை, நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது. 1853இல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர். 1855இல்தான் எல்லாருக்கும் விடுதலை.

கேட்காதவர்

இந்த வரிசையில் சேராத ஒருவர் சாமிதோப்பில் இருந்தார். 1809இல் பிறந்தவருக்கு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். நாடார் சாதியில் பிறந்தவனுக்கு முடியாவது சூடலாவது என்ற எதிர்ப்பில் முத்துக்குட்டி ஆனார் என்பது வழிவழிச் செய்தி. 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி வைகுண்டராக வெளியே வந்தார். 1838இல் சுவாதித் திருநாளின் ஆட்கள் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். நூறு நாளுக்கு மேல் அங்கே இருந்தார். கைமுக்கை நிறுத்தியதும் இவரை அடைத்ததும் ஒரே மன்னர் காலம். சீர்திருத்தம் செய்யும் அரசு சீர்திருத்தக்காரனை வெறுப்பதில் வியப்பொன்றும் இல்லை.

அவருடைய சீடர் அரிகோபாலன் 1841இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையில் திருவிதாங்கூர் மன்னன் கலிநீசன், வெள்ளைக்காரன் வெண்நீசன். கதைப்படி நாராயணர் திருவனந்தபுரத்தை விட்டு விலகிச் செந்தூர்க் கடலுக்கு வருகிறார், அங்கே வைகுண்டர் பிறக்கிறார். திருப்படித்தானத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். நாடு பத்மநாபனுடையது, நான் அவன் தாசன் என்றுதானே அரசன் ஆள்கிறான்? சரி, பத்மநாபன் புறப்பட்டுப் போய்விட்டான். எஞ்சியிருப்பது வெறும் வாள். அரசன் தன் அதிகாரத்துக்கு வைத்த அடித்தளத்தை அதே மொழியில், அதே தெய்வத்தின் பெயரால் உருவிவிடுகிறது அம்மானை. 19ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவில் எழுந்த அரசியல் சிந்தனைகளில் இதற்கு உரிய இடத்தை நம் பாடத்திட்டங்கள் கொடுக்கவில்லை.

தர்மம் என்ற சொல்லுக்கும் பொருள் மாறியது. அரசு அகராதியில் தர்மம் என்றால் அவரவர் நிலையில் அவரவர் நிற்பது. வைகுண்டரிடம் அது கீழே கிடப்பவனைத் தூக்கிவிடுவது. இதை அவர் விளக்கிப் பேசியதைவிடச் செய்து காட்டியதே அதிகம். சாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியும் ஒரே இடத்தில் நீர் எடுத்தது. வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் நடந்த துவையல் தவசில் குடும்பம் குடும்பமாகக் கூடி, நாளுக்கு மூன்று வேளை கடலில் குளித்து, துணி துவைத்து, ஒரு வேளை மரக்கறி உணவு உண்டார்கள். அசுத்தமானவர்கள் என்று ஒதுக்கியவர்கள் கண்ணெதிரே இது நடந்தது. தலைக்கட்டு உயர்ந்தோர்க்கே உரியது என்ற இடத்தில் ஆண்கள் தலைப்பாகையோடு வழிபட வந்தார்கள். பள்ளியறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. எதிரே நின்று பார்ப்பவருக்குத் தெரிவது அவர் முகம்தான்.

மிஷனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1840களின் லண்டன் மிஷன் அறிக்கைகள் முத்துக்குட்டியின் கூட்டம் தங்கள் வேலைக்குத் தடையாக இருப்பதாகக் குறைப்படுகின்றன. குப்பாயம் கேட்ட மனுக்கள் ராணிக்கும் பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கும் போயின. தலைப்பாகைக்கு மனு போடவில்லை. கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் ஒரு மாமூல்

மாமூல் அதன் காவலர்களையும் விடவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு உண்டு. அது கைக்கு வருவதற்குள் வழக்கும் வம்பும் வந்துவிடும். பிள்ளையைப் பெற்றவன் அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. 1917இல் தொடங்கி ‘தமிழன்’ இதழில் பெயர் போடாமல் வந்த நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில், தேரூர்க்காரரான கவிமணி ஒரு காரணவரின் (குடும்பத் தலைவரின்) ஐந்தாம் மனைவியை அழுது புலம்ப வைத்து ஊரையே சிரிக்க வைத்தார். கொல்லம் 1101இல் (1926) நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்களுக்கும் பங்கு கிடைத்தது. நூறாண்டுக்கு முன் தோள்சீலைக்கு எதிராக மாமூலைப் பேசியவர்களின் கொள்ளுப்பேரர்கள், தங்கள் வீட்டில் அநியாயம் என்று பட்டதும் மாமூலைச் சட்டமன்றத்தில் கொண்டுபோய் முடித்துவிட்டார்கள். கலகம் இல்லை, தீவைப்பு இல்லை. வேண்டியவர்களுக்கு வழக்கத்தை மாற்றுவது அத்தனை கடினமான காரியம் அல்ல.

தெரு யாருடையது

அதே 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. முன் நின்றவர் கோட்டாறு டாக்டர் எம்பெருமாள் நாயுடு. வைக்கத்திலும் (1924–25) போராடியவர். கேட்டது கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. தெரு சர்க்கார் பணத்தில் போட்டது, வரி கட்டுபவன் எவனும் நடக்கலாம் என்றது ஒரு பக்கம். சந்நிதித் தெரு கோயிலின் உறுப்பு, தீண்டல் வந்தால் பூஜைக்குப் பழுது என்றது மறுபக்கம். இருநூறு ஆண்டுக்கு முன் வரியைச் சாட்டி அரசனைக் கட்டிப்போட்ட நாட்டாரின் வாதம், அன்று கூட்டத்தில் இடமில்லாதவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருந்தது. 1930இல் மறுபடியும் போராட வேண்டியிருந்தது.

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் பாலராம வர்மா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதில் உரிமை, சமத்துவம் என்ற பேச்சில்லை. தன் மதத்தின் மெய்ம்மையில் தனக்குள்ள நம்பிக்கையையும், காலத்துக்கேற்ப அது மாறிவந்ததையும் சொல்லி, பிறப்பால் இந்துவான எவருக்கும் தடையில்லை என்கிறது. பத்மநாபதாசன்தான் அப்போதும் பேசுகிறார். 1829இல் கதவை அடைத்த காரணமும் 1936இல் திறந்த காரணமும் ஒன்றே, அரசன் தெய்வத்தின் அடிமை என்பது. 1939இல் சென்னை மாகாணத்தில் இதையே சட்டசபை செய்தது. இங்கே அது ஓர் இளம் மன்னரின் மனச்சாட்சியிலிருந்து வந்தது. அவர் மனம் வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு வரும்வரை பதில் இல்லை.

இன்றும் சுசீந்திரம் கோயிலுக்குள் போகும் ஆண்கள் வாசலில் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். வெற்று மார்பு மரியாதை. சில கிலோமீட்டர் தள்ளி, சாமிதோப்பு வாசலிலும் சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றிய கையோடு ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.